முள் குத்தாமல் கேளுங்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதி திருச்சி பாலக்கரையிலிருந்து வந்தவை. அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியில் கள்ளிச் செடிகளை மலிவாக விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

கேள்வி: ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் இரண்டே ஸ்பூன் தண்ணீர்தான். ஆனாலும் அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிட்டது. என்ன குறை வைத்தேன்?
– வாசகி, பாலக்கரை

பதில்: குறை எதுவும் வைக்கவில்லை, அதுதான் சிக்கல். ‘இரண்டே ஸ்பூன்’ சரி, ‘தினமும்’ என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வெயில் படாத ஹாலில் மேல்மண் காய வழியே இல்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகல் பிடித்துவிட்டது. இனி அறுவை சிகிச்சைதான். செடியைப் பிடுங்கி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அடியிலிருந்து வில்லை வில்லையாக நறுக்குங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மிஞ்சியதை நிழலில், காற்றோட்டமாக, பத்து நாள் சும்மா போட்டுவையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும் உலர்ந்த மணற்பாங்கான மண்மேல் நிறுத்துங்கள். லேசாக ஆட்டினால் அசையாமல் நிற்கிறதா? வேர் விட்டாயிற்று. தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பத்து நாள் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் போட்டுவைத்தால் செத்துப்போகாதா?
– அதே வாசகியின் மாமியார்

பதில்: உங்கள் வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டியிருக்கும் கற்றாழையைப் போய்ப் பாருங்கள், அம்மா. எந்த மாதம் கட்டினீர்கள்?

கேள்வி: வாங்கும்போதே உச்சியில் மஞ்சள் பூ இருந்தது. எட்டு மாதமாக வாடவே இல்லை. அதிசய ரகமா?
– பீமநகர்

பதில்: அதிசயம் பசையில் இருக்கிறது. காய்ந்த பூவை ஒட்டி விற்பார்கள். உச்சியில்தான் புது வளர்ச்சி கிளம்பும். அதை மூடிவைத்தால் செடி திணறும். மெல்ல நெம்பி எடுங்கள், தோல் உரிகிற மாதிரி இருந்தால் பூவைக் கத்தரித்துவிட்டுப் பசையை அப்படியே விடுங்கள்.

கேள்வி: முள்ளுக்கிடையில் வெள்ளையாகப் பஞ்சுபோல் படிகிறது. எங்கள் ரவுண்டானாத் தூசியா, பூச்சியா?
– பாலக்கரை, மெயின் ரோட்டு மாடிவீட்டுக்காரர்

பதில்: சின்ன பெயிண்ட் பிரஷ்ஷை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடையுங்கள். தூசியானால் போய்விடும். ஒரு வாரத்தில் அதே இடுக்கில் திரும்பி வந்தால் மாவுப்பூச்சி. வாரம் ஒருமுறை, நாலு வாரமாவது துடைக்க வேண்டும். வேரிலும் ஒளிந்திருக்கும், தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

உங்களுடையது தட்டைத் தட்டையான சப்பாத்திக்கள்ளியாக இருந்து, நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வந்தால், அது சாமானியப் பூச்சி அல்ல, சாயப்பூச்சி. காக்டஸ் இனமே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. வந்தது வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை, ஆனால் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தப்பித்து வயலும் மேய்ச்சல் நிலமுமாகப் பரவியது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சியைக் கொண்டுவந்து தென்னிந்தியாவில் விட்ட பிறகுதான் அடங்கியது.

வெளியில் அதைக் கொல்லக் கடல் கடந்து பூச்சி வர வேண்டியிருந்தது. ஹாலில் ஒரு ஸ்பூன் போதுகிறது. இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் வெயில். முடிந்தால் செடியைக் கிழக்குப் பார்த்த பால்கனிக்கு மாற்றிவிட்டு, பிறகு எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வீர்கள் என்று முன்பே மொட்டை மாடியில் வைத்தேன். மூன்றே நாளில் வெள்ளைத் திட்டு!
– உறையூர்

பதில்: ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கத்திரி வெயிலுக்கா? திருச்சியில் அந்நேரத்தில் நாமே மாடி ஏறுவதில்லையே. அந்தத் தழும்பு மறையாது, செடி பிழைக்கும். முதலில் ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மே மாதத்தில் பச்சை நிழல்வலை அவசியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: கொள்ளிடத்தில் ஒரு பக்கெட் மணல் அள்ளி வந்து கலக்கலாமா?
– திருவானைக்கோவில்

பதில்: லாரிக்காரர்கள் மாட்டாமல் நீங்கள் பக்கெட்டோடு மாட்டிக்கொள்வீர்கள். நைசான மணல் கெட்டிப்பட்டு வேரை இறுக்கவும் செய்யும். தெருவில் எங்காவது வீடு கட்டுகிறார்களா பாருங்கள். மணலைச் சலித்து ஒதுக்கும் கப்பிதான் உங்களுக்குத் தேவை, கேட்டால் சும்மாவே தருவார்கள். கப்பியும் உடைத்த செங்கல் துண்டும் பாதிக்கு மேல், மீதி செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும். நர்சரியில் தென்னை நார்த்தூளில் நட்டுத் தந்திருந்தால் அதை உதறிவிட்டு நடுங்கள். நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் விடாது, நன்றாகக் காய்ந்துவிட்டாலோ லேசில் நனையாது.

தண்ணீர் ஊற்றும் நாளைக் காலண்டரில் தேடாதீர்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் காத்திருங்கள். சுத்தமாக வந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஸ்பூனை ஊறுகாய் ஜாடிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: அனந்தசயனப் பூச்செடி வைத்திருக்கிறோம். அரங்கன் பள்ளிகொண்ட ஊரிலேயே பூக்க மாட்டேன் என்கிறது! இலையும் மஞ்சளாகிறது. இதைக் கேட்க நீங்கள்தான் சரியான ஆளா?
– ஸ்ரீரங்கம், சித்திரை வீதி

பதில்: நான்தான். பிரம்ம கமலம், நிஷாகந்தி என்றெல்லாம் நாம் கொண்டாடும் இந்தச் செடியும் காக்டஸ்தான். இமயமலையின் அசல் பிரம்ம கமலம் வேறு, அது சூரியகாந்திக் குடும்பம். உங்களுடையது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைமேல் தொற்றி வாழ்வது. அதனால் மேலே பாலக்கரைக்குச் சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். இதற்கு உச்சி வெயில் ஆகாது, மஞ்சளுக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். வெளிச்சமான நிழல், இலைமக்கு கலந்த பொலபொல மண், முழுக்கக் காயாத ஈரம், தண்ணீர் தேங்காத தொட்டி. நீங்கள் இலை என்பது உண்மையில் தட்டைத் தண்டு. துண்டு நட்ட செடி பூக்க இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் தண்டுதான் நீளும். பூத்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் விரிந்து, விடியும்போது தொங்கிவிடும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவதானால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: சிவப்புத் தலையும் பச்சை உடம்புமாக வாங்கினேன். தலை அழுகிவிட்டது.
– கே.கே. நகர்

பதில்: அது ஒட்டுச் செடி. பச்சையமே இல்லாத தலை, கீழே இருப்பது டிராகன் பழத்தின் சொந்தக்காரன். தலைக்கு ஆயுள் எப்படியும் சில வருடம்தான். அதை நீக்கிவிட்டு, உடம்பு கெட்டியாக இருந்தால் வளருங்கள், பந்தல் ஏறும்.

கேள்வி: என்னிடம் இருப்பது காக்டஸா, நம்மூர்க் கள்ளியா?
– வரகனேரி

பதில்: கீறினால் பால் பீறிட்டால் பெரும்பாலும் நம்மூர்ச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகையறா. அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். செடியை அடையாளம் காண ஊரில் ஓர் இடமும் இருக்கிறது: புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், 1967-இல் அருட்தந்தை கே.எம். மாத்யூ தொடங்கியது. அங்கே இருப்பவை எல்லாம் காயவைத்து ஒட்டிய செடிகள். உங்களுடையதும் ஏறக்குறைய அந்த நிலை என்று எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: பிழைக்குமா, போய்விட்டதா என்று எப்படித்தான் முடிவு செய்வது?
– பாலக்கரை

பதில்: நடு உச்சி கெட்டியாக, பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடித்தண்டு மரப்பட்டைபோல் பழுப்பாகி இறுகியிருப்பது வயசு, பயம் வேண்டாம். மெத்தென்ற பழுப்பு உச்சிவரை ஏறியிருந்தால் முடிந்தது. அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள். செடியைக் குப்பையில் அப்படியே வீசவும் வேண்டாம். பழைய நாளிதழில் நாலு சுற்றுச் சுற்றி, ‘முள்’ என்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.