மருந்துக்குத் தோஷமில்லை

எங்கள் வீட்டில் கார்த்திகை மாதம் வெங்காயத்துக்கே விடுமுறை. மென்று துப்பும்போது எலும்பு ஞாபகம் வருகிறது என்று முருங்கைக்காயையே கைவிட்ட பெரியப்பா ஒருவரும் எங்களுக்கு உண்டு. அப்படிப்பட்ட திருநெல்வேலிச் சைவ வீட்டில் ஒரு மீனின் ஈரல், அதுவும் வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் நீந்திய காட் மீனின் ஈரல், என் பள்ளிக்கூட நாளிலிருந்து குடியிருக்கிறது. இருப்பிடம், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு. விபூதிப் பொட்டலத்துக்கும் சாம்பிராணி டப்பாவுக்கும் நடுவே. அங்கே வைத்தால்தான் எறும்பு வராது என்பது அம்மாவின் கட்சி.

மீன் உள்ளே வந்தது டாக்டர் சீட்டில். அக்கா அப்போது நோஞ்சான். கையும் காலும் சொறசொறவென்று கிடக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்ததை அப்பா வாங்கி வந்தார். பொன்னிற மாத்திரைகள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்ன அழகா இருக்கு" என்று வீடே சொக்கிப்போனது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த மாமா, குப்பியைத் திருப்பி இங்கிலீஷைப் படித்துவிட்டு, "அத்தான், இது மீன் எண்ணெய்லா!" என்று போட்டு உடைத்தார்.

அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். எல்லாரும் ஆச்சியைப் பார்த்தோம். ஆச்சி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"மருந்துக்குத் தோஷமில்ல. பிள்ளைக்குக் குடு."

வழக்கு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

இந்தச் சட்டப்பிரிவின் கீழ் ஏற்கெனவே உள்ளே வந்தவர்களைப் பிற்பாடு நான் எண்ணிப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை, மாட்டின் பித்தப்பையில் விளைகிற கல். கஸ்தூரி, ஆண் மானின் வயிற்றுப் பையிலிருந்து எடுப்பது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி பிராந்தி. மீன் இந்த வரிசையில் கடைசியாக வந்த அப்பாவி. மாத்திரையின் மேலுறையான ஜெலட்டினைப் பெரும்பாலும் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிறார்கள் என்பதை மட்டும் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மீனைச் செரித்தவர்களை மறுபடி எதற்கு வம்புக்கு இழுப்பது?

எங்கள் வீடு ஒன்றும் விதிவிலக்கல்ல. ஷார்க்கோஃபெரால் என்று ஒரு சத்து டானிக் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. பெயரிலேயே சுறா நீந்திக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. பிற்காலத்தில் 'சைவ ஷார்க்கோஃபெரால்' என்றே ஒன்று கடைக்கு வந்தது. கண்டதைத் தின்று திரிந்த சுறா ஒன்று கடைசியில் தீட்சை வாங்கிக்கொண்டதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் திருப்திதான். ஸ்காட்ஸ் எமல்ஷன்காரர்களோ எதையும் மறைக்கவில்லை. தன் உயரத்துக்கு ஒரு மீனை முதுகில் கட்டிச் சுமந்து நிற்கும் மீனவனையே அட்டைப்பெட்டியில் போட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி அந்தப் படத்தின் மேல் ஒரு காலண்டர் தாளைச் சுற்றி வைத்திருந்தாள். உள்ளே இருப்பதைக் குடிக்கலாம், மேலே இருப்பதைப் பார்க்கத்தான் கூடாது.

இத்தனைக்கும் நாங்கள் பார்த்தது திருந்திய எண்ணெயை. அதன் பூர்விகம் கொஞ்சம் பயங்கரம். நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் பனிக்காலத்தில் காட் மீன் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும். பிடித்த மீனைக் காற்றில் உலர்த்தி விற்றுவிட்டு, ஈரல்களைப் பீப்பாயில் போட்டு வைத்துவிடுவார்கள். அது அழுக அழுக எண்ணெய் தானே மேலே மிதக்கும். முதலில் வெளிறிய எண்ணெய், பிறகு பழுப்பு, கடைசியில் கரும்பழுப்பு. 1850-களில் பேட்டர் மெல்லர் என்ற நார்வே மருந்தாளுநர், புது ஈரலை நீராவியில் உருக்கி நாற்றம் குறைந்த தெளிந்த எண்ணெய் எடுத்தார். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? அதே காலத்தில் டி யோங் என்ற டச்சு மருத்துவர், பழுப்பு எண்ணெய்தான் வீரியம் என்று தன் பெயரிலேயே புட்டியில் அடைத்து ஐரோப்பாவெங்கும் விற்றுக்கொண்டிருந்தார். அதற்கும் ஏக கிராக்கி.

இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. நான் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவன். சனிக்கிழமை விடிகாலையில் ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, ஆச்சி சங்கைக் கவிழ்ப்பாள். பின்னாலேயே ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி. அன்று முழுக்க வீட்டின் பின்பக்கத்தோடு எங்களுக்கு இருந்த உறவைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. குமட்டினால்தான் மருந்து என்பது ஆச்சியின் வைத்திய சாஸ்திரம். டி யோங் மட்டும் ஆச்சியைச் சந்தித்திருந்தால் இருவரும் கூட்டு வியாபாரம் தொடங்கியிருப்பார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இந்தப் பாட்டிலிருந்து தப்பவில்லை. போர்க்காலத்தில், 1942 முதல், பிரிட்டிஷ் அரசாங்கமே சின்னக் குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறும் காட் ஈரல் எண்ணெயும் கொடுத்தது. எது சீக்கிரம் தீர்ந்தது, எது அலமாரியில் தங்கியது என்று சொல்லத் தேவையில்லை. நார்வேக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: இங்கிலீஷ் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில் மட்டும் குடிக்க வேண்டும். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை வெயில் பார்த்துக்கொள்ளும். திருநெல்வேலிக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் எல்லா மாதமும் வெயில்தான். ஆனால் நாம் எங்கே வெயிலில் நிற்கிறோம்? நிழலுக்கு நிழல் தாவி, குடையைப் பிடித்து, முகத்தில் களிம்பைப் பூசிக்கொண்டு, பிறகு டாக்டரிடம் போய் வைட்டமின் டி குறைவு என்று கேட்டு அதிர்ச்சி அடைகிறோம்.

குடித்ததில் பலன் இல்லாமலும் இல்லை. கணைநோயில் கால் வளைந்த பிள்ளைகளை நிமிர்த்தியது இந்த எண்ணெய். எட்வர்ட் மெலன்பி 1919-ல் நாய்க்குட்டிகளை வைத்து இதை நிரூபித்தார். மெக்காலம் என்ற அமெரிக்கர், எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி வைட்டமின் ஏ-யை அழித்துப் பார்த்தார். அப்படியும் எண்ணெய் கணைநோயைக் குணமாக்கியது. வேறொன்றும் உள்ளே இருக்கிறது என்று 1922-ல் அவர் கண்டுகொண்டதற்குத்தான் வைட்டமின் டி என்று பெயர் வந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வளையவில்லை. எங்கள் கவலை எல்லாம் தோல். அக்காவின் சொறசொறப்பு சில மாதத்தில் போய்விட்டது. டாக்டர் எழுதியது மாத்திரை மட்டுமல்ல, தினம் கீரையும் காரட்டும் பாலும்கூட. ஆனால் கீரைக்கு யாரும் பெயர் கொடுப்பதில்லை. புகழ் முழுவதும் மீனுக்கே போனது. வைட்டமின் ஏ குறைந்தால் தோல் காய்ந்து, மயிர்க்கால் ஒவ்வொன்றும் முள்ளாக நிற்கும். குறைவு இருக்கிறவருக்கு எண்ணெய் வேலை செய்யும். குறைவே இல்லாதவருக்கு அதைக் கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் மினுங்காது. இந்த இரண்டாவது வாக்கியத்தை எங்கள் வம்சத்தில் யாரும் காதில் வாங்கியதில்லை. கல்யாணம் நிச்சயமான பெண், பரீட்சை எழுதும் பையன், முடி கொட்டும் சித்தப்பா என்று கேட்டவருக்கெல்லாம் கீழ்த்தட்டிலிருந்து கை நீண்டது. சித்தப்பாவின் தலை மட்டும் மினுமினுப்பானது. அது மாத்திரையால் அல்ல.

மச்சினன் மகள் ஒருத்தி, பச்சை நிறத்தில் வரும் வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து முகத்தில் தடவலாம் என்று எங்கோ கேள்விப்பட்டு, நிறத்தைக் கவனிக்காமல் எங்கள் மாத்திரையைக் குத்திவிட்டாள். கடலைமாவோடு குழைத்துப் பூசிக்கொண்டு திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் பூனை வந்தது. பிறகு அதன் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

அதே பெண்தான், ஒன்று போட்டால் இவ்வளவு என்றால் எட்டு போட்டால் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். அவளுக்கு அண்டார்டிகாக் கதையைச் சொன்னேன். 1912 டிசம்பரில் டக்ளஸ் மாசன், சேவியர் மெர்ட்ஸ் என்ற இருவர் பனிவெளியில் உணவு தீர்ந்து, வண்டி இழுத்த நாய்களையே தின்றார்கள், ஈரலையும் விடாமல். மெர்ட்ஸ் செத்துப்போனார். மாசனுக்கு உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று வந்தது. அதைத் திரும்ப ஒட்டவைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். ஈரலில் இருந்த அளவு மீறிய வைட்டமின் ஏ-தான் காரணமாக இருக்கும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். அளவுக்கு மேலே போனால் தோல் காயும், உதடு வெடிக்கும், முடி கொட்டும்; கர்ப்பிணிகள் இந்த எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது. "தோலுக்குப் போடுற மருந்து தோலையே கழட்டுமா மாமா?" என்று கேட்டவள் மறுநாளிலிருந்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். உண்மையில் அந்த ஒன்றில் பெரிதாக ஏதுமில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன மாத்திரையில் இருப்பது 0.3 மில்லி. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. நார்வேக் குழந்தை ஒரு மடக்கில் குடிப்பதை எட்ட நமக்குக் கிட்டத்தட்ட 17 மாத்திரை வேண்டும்.

மாத்திரையின் குணம் ஒன்றுதான்: மீனை மறைத்து உள்ளே அனுப்பும். குறை, அது உள்ளே போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரு மறுவீட்டு விருந்தில் இதை நான் கண்டேன். சம்பந்தி வீட்டில் சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் முறைப்படி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்த மாமா திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டார். பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். மூக்கு ஒருமுறை சுருங்கியது. சொதி ஊற்றிய பையனைப் பார்த்தாள். பிறகு சொதியைப் பார்த்தாள். அன்று சமையல்காரர் பட்ட பாட்டுக்கு நியாயமாக மாமாதான் நஷ்டஈடு கொடுத்திருக்க வேண்டும். மாமா பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்து வாயை மூடிக்கொண்டார்.

என்னோடு வேலை பார்த்த உவரிக்காரர் ஒருவரிடம் இந்தப் பெருமைகளை எல்லாம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல்புறத்து மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல சுறா ஈரலை உருக்கி வள்ளத்துக்குத் தடவுவாவ. மரம் உளுத்துப்போகாது. நீங்க உள்ளுக்குப் போடுதீயளோ?"

அவரிடம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. போரின்போது காட் எண்ணெய் கப்பல் வருவது நின்றுபோனதும், அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் அரசாங்கமே சுறா ஈரல் எண்ணெய் எடுத்து மருந்தாகக் கொடுத்தது என்று எடுத்துவிட்டேன். அவர் தலையாட்டினார். "சரிதான். ஆனா சாளை மீனுல இல்லாததா அதுல இருக்கு? கொழம்பு வச்சா ஒரு வீட்டுக்கே காணும்." சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கு ஆகுமா என்று கேட்டுப் பத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் போன தடவை வந்தபோது கீழ்த்தட்டைச் சோதனை போட்டாள். பெட்டியின் மேலிருந்த பழுப்பு முக்கோணத்தைக் காட்டி, "ஆச்சி, இது அசைவம்னு போட்டிருக்கு, தெரியுமா?" என்றாள். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. முக்கோணத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அது அழகுக்குப் போட்டிருக்கான்" என்றாள். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றையும் மகள் எடுத்துப் படித்தாள். 25,871 பேர், ஐந்து வருஷத்துக்கு மேலே. வைட்டமின் டி-யும் மீன் எண்ணெயிலிருக்கும் ஒமேகா-3-யும் புற்றுநோயையும் பெரிய இதய நோய்களையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அம்மா கடைசிவரை கேட்டாள். "அவங்கள்லாம் நேரத்துக்குத் தூங்குனாங்களான்னு கேட்டியா?"

மகள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். கைப்பையிலிருந்து ஒரு புது டப்பா. முழுக்க முழுக்கச் சைவம், கடற்பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3. மீனுக்கு இந்தச் சத்து சொந்தச் சம்பாத்தியம் இல்லை, பாசியிலிருந்துதான் அதன் உடம்புக்கு வருகிறது, நடுவில் மீன் வெறும் தரகர், நாம் நேராகப் பாசியிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். தர்மமும் விஞ்ஞானமும் ஒரே டப்பாவில் வந்து சேர்ந்துவிட்டதாக எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அம்மா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, பாசின்னா? குறுக்குத்துறைப் படித்துறையில வழுக்குமே, அதா?"

"அந்த மாதிரிதான் ஆச்சி. ஆனா இது கடல்ல வளர்றது."

"சீ! மனுசன் திங்கிற வஸ்துவா அது?" டப்பா என் மகள் மடிக்கே திரும்பியது. அம்மா கீழ்த்தட்டுக்குக் கையை நீட்டி, பழக்கமான பொன்னிற மாத்திரையை எடுத்து, "முருகா" என்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு பேத்தியிடம் சொன்னாள்:

"அதக் கொண்டுபோயி மீனுக்கே போடு. அது தின்னு செரிச்சு நமக்கு மருந்தாக் குடுக்கட்டும்."