பீடபூமியில் நிலைத்து நிற்பது எப்படி?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். இருபத்திரண்டு வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு அது உறைத்ததில்லை. எங்கள் தெருமுனை ஜிம்மில் டிரெய்னராக இருக்கும் கோலார்ப் பையன்தான் என் எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பிளாட்டோல நிக்கிறீங்க" என்றான்.

"பெங்களூர்ல எல்லாருமே பிளாட்டோலதானேப்பா நிக்கிறோம்?"

அவன் சிரிக்கவில்லை. ஜனவரியில் 91 கிலோ. மே கடைசியில் 83.4. அதன்பின் பதினொரு வாரமாக 83.4. ராத்திரி பட்டினி கிடந்தாலும் 83.4, டிரெட்மில்லில் நாக்குத் தள்ள ஓடினாலும் 83.4.

எடையைக் குறைக்கச் சொல்லித்தர இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஆள். குறைந்துகொண்டே போகும் எடையைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. பதினொரு வாரம் நின்று பழகியவன் என்ற தகுதியில் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிறுத்துவதற்கு முன்னால் கொஞ்சமாவது குறைய வேண்டும். கவலை வேண்டாம், அது தானாக நடக்கும். சோற்றையும் சர்க்கரையையும் ஒதுக்கிய முதல் இரண்டு வாரத்தில் எனக்கு மூன்று கிலோ மாயமானது. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்தை உடம்பு சேர்த்து வைத்திருக்கும். அது கரையும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். ஆக, போனதில் பெரும்பங்கு தண்ணீர். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "3 கிலோ காலி" என்று போட இதுதான் சரியான நேரம். நான் போட்டேன். ஆம்பூரிலிருந்து அம்மா அன்று ராத்திரியே வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"ஏண்டா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே. அவ சோறு கீறு போடறாளா இல்லையா?"

"அத்தை, உங்க புள்ளதான் வேணாங்கறாரு" என்று என் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வந்து சேர்ந்தது. தண்ணீர் போன இடம் காலியாக இருக்கக் கூடாது அல்லவா?

பெங்களூரில் குடியிருப்பவருக்கு ஒரு சலுகையும் உண்டு. உயரம் கூடினால் புவியீர்ப்பு குறையும். சென்னையில் 83 கிலோ காட்டுகிற ஆள் இங்கே வந்து நின்றால் இருபது கிராம் சொச்சம் குறைவாகக் காட்ட வேண்டும். ஊர் தன் பங்கைச் செய்துவிட்டது. நம் வீட்டு எடை மெஷினுக்குத்தான் நூறு கிராமுக்குக் கீழே கண் தெரியாது.

இனி கணக்கு நோட்டு. சாப்பிடுவதையெல்லாம் எழுதிவைக்கச் சொல்வார்கள். தாராளமாக எழுதுங்கள், ஆனால் எதை எழுதுவது என்பதில் ஒரு பக்குவம் வேண்டும். நான் போனில் ஒரு செயலியை இறக்கி, அதில் "சௌசௌ பாத்" என்று தேடினேன். வெளியூர்க்காரர்களுக்கு: காரா பாத் ஒரு கிண்ணம், கேசரி பாத் ஒரு கிண்ணம், இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே கவிழ்த்துத் தந்தால் அது சௌசௌ பாத். செயலிக்கு அது தெரியவில்லை. சௌசௌ என்ற காயைக் காட்டி, நூறு கிராமுக்கு 19 கலோரி என்றது. நம் பக்கம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்வோமே, அதே காய்தான். பேரிலேயே பெங்களூர் இருக்கிறது, தப்பாக இருக்காது என்று 19-ஐப் பதிந்துகொண்டேன். கேசரியின் உச்சியில் நெய்யில் வறுத்த முந்திரி ஒன்று மினுமினுத்தபடி இருந்தது. அதையும் அந்தப் பத்தொன்பதுக்குள்ளேயே அடக்கினேன்.

அடுத்தது பை-டூ. ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் பிரித்து இரண்டு பேர் குடிப்பது. 1983-இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்து, நின்றபடியே சாப்பிடும் தர்ஷினிகள் தெருவுக்குத் தெரு முளைத்த பிறகு, பை-டூ சொல்ல நாற்காலிகூட வேண்டாம், கூட ஓர் ஆள் இருந்தால் போதும். பாதிக் காபியை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. அது காபியே இல்லை, ஒரு மரியாதை. காலையில் நடைக் கூட்டாளியோடு ஒன்று, பதினொரு மணிக்கு ஆபீஸ் நண்பரோடு ஒன்று, மூன்று மணிக்கு மேனேஜரோடு, நாலரைக்கு மேனேஜரைத் திட்டுகிறவரோடு, அப்புறம் வீடு திரும்பும் வழியில் ஒன்றோ இரண்டோ. ஆறு பை-டூ என்றால் மூன்று முழுக் காபி, ஆறு ஸ்பூன் சர்க்கரை. நோட்டில் பூஜ்யம்.

இந்த விஷயத்தில் நான் தனி ஆள் இல்லை. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்க மாட்டேன் என்கிறது என்று புலம்பிய பத்துப் பேரை 1992-இல் நியூயார்க் மருத்துவர்கள் அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்துப் பேரின் உடம்பு எரிப்பிலும் கோளாறு ஏதுமில்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடற்பயிற்சியை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. அந்த ஊரிலும் ஏதோ ஒரு பை-டூ இருந்திருக்கிறது.

நடைக்கு லால்பாக்கைச் சிபாரிசு செய்கிறேன். 240 ஏக்கர், நிழல், நடுவே ஏறி நின்று மூச்சு வாங்க ஒரு பாறை. 300 கோடி வருஷத்துப் பாறை என்கிறார்கள், அதுவும் இளைத்த மாதிரி தெரியவில்லை. இந்தத் தோட்டத்தின் பெருமை அதன் வாசல்களில் இருக்கிறது. மேற்கு வாசல் வழியாக வந்தால் காந்தி பஜார், அங்கே 1943-இலிருந்து வித்யார்த்தி பவன். பெரிய வாசல் பக்கம் போனால் 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்து எரித்ததை ஒரே ஒரு மசால் தோசை, மேலே உருகும் வெண்ணெயோடு, வட்டி போட்டுத் திருப்பித் தந்துவிடும். அரிசியை விட்டவரா நீங்கள்? எம்.டி.ஆரில் ரவா இட்லி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்துத் தாங்கள் கண்டுபிடித்தது என்று அவர்கள் சொல்வார்கள். அன்று அரிசி கிடைக்காதவர்களுக்காகப் பிறந்தது இன்று அரிசியைத் துறந்தவர்களையும் கைவிடவில்லை. வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. என் டயட் ஒழுங்காக நடக்கும் நாளும் அதுதான்.

ஜிம்முக்குப் போய் வந்தபின் அசையாதீர்கள், இது முக்கியம். முன்பெல்லாம் மூன்றாம் மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் முக்கால் மணி நேரம் ஓடியாயிற்றே என்று லிஃப்டுக்குக் காத்திருக்கிறேன். மெட்ரோவில் எஸ்கலேட்டரில் நடந்து ஏறுகிறவர்களுக்கு வலப்பக்கம் வழிவிட்டுச் சிலை மாதிரி நிற்கிறேன். கொத்தமல்லிக் கட்டுகூடப் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிறது. உட்கார்ந்தபடி காலாட்டுகிற என் பழைய பழக்கம்கூட நின்றுவிட்டதாக மனைவி சொல்கிறாள். நான் நிறுத்தவில்லை, உடம்பே நிறுத்தியிருக்கிறது.

அங்கேதான் என் கூட்டாளி யார் என்று எனக்குப் புரிந்தது. என்னைவிட என் உடம்பு இந்த ஊரை நன்றாகப் படித்திருக்கிறது. பஸ்ஸில் மூன்றாவது ஆள் இடம் கேட்டாலும், வீட்டுக்காரர் இன்றைக்குத் தண்ணீர் வராது என்றாலும், ஆட்டோக்காரரிடம் சில்லறை இல்லாவிட்டாலும் பெங்களூரில் சொல்கிற ஒரே மந்திரம்: ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள். நான் சோற்றைக் குறைத்தேன், உடம்பு செலவைக் குறைத்து அனுசரித்துக்கொண்டது. சம்பளம் குறைந்த வீட்டில் ஃபேனை அணைப்பது மாதிரி.

1944 நவம்பர். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்களை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார். மூன்று மாதம் நல்ல சாப்பாடு, பிறகு 24 வாரம் அரைப்பட்டினி, வாரத்துக்கு 22 மைல் நடை. அந்த அரைப்பட்டினியின் அளவு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைக்கு நம் டயட் அட்டைகளில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் எண்தான். எடையில் கால்பங்கு போனது. கூடவே, சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். சிலர் சமையல் புத்தகங்களாக வாங்கிக் குவித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் மைசூர் பாக் கிண்டுகிற வீடியோவை நான் மூன்றாம் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களை நினைத்துக்கொண்டேன்.

உடம்புக்கு டயட் தெரியாது, ஜனவரி சபதம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 1876 முதல் 1878 வரை. மைசூர் ராஜ்யத்திலும் மதராஸ் ராஜதானியிலும் லட்சம் லட்சமாகச் செத்தார்கள். 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை, நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து வாதாடினார். இந்த மண்ணில் அளந்து சாப்பிடச் சொன்ன டயட் சார்ட் என்றால் எனக்கு டெம்பிள் துரையின் அந்த உத்தரவுதான் ஞாபகம் வருகிறது. அதைத் தாண்டிப் பிழைத்தவர்களின் வாரிசுகள் நாம். நான் ராத்திரிச் சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்தால் உள்ளே இருக்கிறவன் தாது வருஷம் திரும்பிவிட்டது என்று கதவைச் சாத்துகிறான். அவனை எப்படிக் குறை சொல்வது?

சாத்திய கதவு சீக்கிரம் திறப்பதும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டி போட்டு இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்து, 2016-இல் வெளியிட்டார்கள். போன எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பி வந்திருந்தது. எரிப்பு மட்டும், இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. இதைப் படித்த அன்று நான் ஜிம்முக்குப் போகவில்லை.

எடை பார்ப்பதைப் பற்றி. தினமும் நான்கு முறை பாருங்கள். என் மெஷின் பாத்ரூம் வாசலில், இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டின் மேல் இருக்கிறது. அங்கே 83.4. ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் 82.9. கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் மாறாது, ஆனால் எண் தெரியாது. முந்தின ராத்திரி பிசிபேளாபாத்தும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு பிடித்து வைத்த தண்ணீரில் 84.3 காட்டும். அன்று முழுக்க மனம் உடைந்து, ஆறுதலுக்கு ஒரு பாதாம் பால் குடிக்கலாம். பண்டிகைக்கும் இங்கே குறைவில்லை. யுகாதிக்குப் பக்கத்து வீட்டு ஹோளிகே வந்தால், சித்திரை ஒன்றுக்கு நம் வீட்டுப் பாயசம் அங்கே போக வேண்டும். இந்த ஊர்த் தமிழனுக்கு வருஷத்துக்கு இரண்டு புத்தாண்டு. இரண்டிலும் சபதம் எடுக்கலாம்.

பருப்பையும் முட்டையையும் கூட்டு, இரும்பு தூக்கு, ஏழு மணி நேரம் தூங்கு, குறைந்த எடைக்குத் தக்கபடி சாப்பாட்டுக் கணக்கை மறுபடி போடு என்று டிரெய்னர் சொல்வான். கேட்டீர்கள் என்றால் இந்த வழிகாட்டியே வீணாகிவிடும். எங்கள் குடியிருப்பில் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிய பேச்சும் ஓடுகிறது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து லிஃப்டில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்துகிறார். ஊசி போட்டாலும் ஓராண்டு சுமாருக்கு வரைகோடு படுத்துக்கொள்கிறது என்று அந்த மருந்துகளின் சோதனைகளே காட்டுகின்றன. பீடபூமிக்கு அந்த வழியாகவும் வரலாம்.

மனம் தளர்ந்தால் ஹலசூரு ஏரிப் பக்கம் போங்கள். அங்கே வள்ளுவர் நிற்கிறார். முன்னே உண்டது செரித்ததா என்று பார்த்துவிட்டு உண்ணச் சொல்லி, மருந்து என்று ஓர் அதிகாரமே எழுதியவர். 1991-இல் வைத்த சிலையைத் திறக்க விடாமல் பிரச்சினை கிளம்பி, மூடிய துணிக்குள்ளேயே நின்றார், 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வரை. பதினெட்டு வருஷம்! எனக்குப் பதினொரு வாரம்.

அந்தப் பக்கம் போன வாரம் நான் போனது பெல்ட்டுக்காக. எடை அசையாத இந்தப் பதினொரு வாரத்தில் பெல்ட் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. கடைசி ஓட்டையும் போதாமல் பேண்ட் நழுவுகிறது. என் வழிகாட்டிக்கு இது எதிர்ச்சாட்சி என்பதால், நீங்கள் முதல் நாளிலிருந்தே எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுவிடுங்கள். மார்க்கெட் ஓரம் செருப்புத் தைக்கிற பெரியவர், கிருஷ்ணகிரிப் பக்கம், பெல்ட்டை வாங்கி இடுப்பில் சுற்றிப் பார்த்தார். ஊசியால் ஓர் அடையாளம் வைத்தார். சுத்தியலை எடுத்தவர் நிறுத்தினார்.

"இன்னொண்ணு போடறேன் சார். அதுக்கு மேல போட்டா பக்கிள் முதுகுப் பக்கம் போயிடும். புதுசு வாங்கிக்க."

"எடை ஒண்ணும் குறையலை, தெரியுமா?"

"யாரு சொன்னா?"

மெஷின் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன். அவர் ஒரே தட்டில் ஓட்டை போட்டு, விரலால் பிசிறைத் தடவிவிட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் ஒரு பை-டூ சொன்னேன். நோட்டில் எழுதவில்லை.