முப்புள்ளி தேடு படலம்

தொல்காப்பியம் ஆய்த எழுத்தை முப்பாற்புள்ளி என்கிறது. க்ரோம் பிரவுசரில் செட்டிங்ஸுக்கும் மூன்று புள்ளிதான் வாசல். இரண்டும் வேறு என்று எந்த உரையாசிரியரும் எழுதிவைக்காததால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முக்கால் மணி நேரம் வீணானது.

ஆய்வுப் பொருள்: நெசவாளர் அண்ணன் ஒருவரின் போன். ஏதோ பணம் கட்டப்போக, பாப்-அப் தடுக்கப்பட்டது என்று வந்தது. கூடவே வந்த ‘எப்போதும் காட்டு’ பட்டனை விளம்பரம் என்று மூடிவிட்டார். (இந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனம்தான்.) பிறகு ஸ்பீக்கரில் என்னைப் பிடித்தார்.

“மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்கண்ணே.”

“இல்லியே தம்பி.”

அவர் தேடியது ஃ. க்ரோமின் புள்ளிகளோ ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை.

உதவுவோர் இரு வகையினர். ‘இங்க குடுங்க’ என்று போனைப் பிடுங்குவோர் முதல் வகை. வேலை முடியும், ஆள் மறுநாளும் வருவார். ‘அதான், அது, அங்க’ என்று சுட்டுச்சொல்லாலேயே ஊரைச் சுற்றிக் காட்டுவோர் இரண்டாம் வகை. அதற்கு நானே சான்று.

அண்ணனைக் குறைசொல்ல வழியில்லை. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த கருவியின் வழிவந்தது அவர் தறிமேல் இருக்கிறது. எந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டும் என்பதை அட்டையின் ஓட்டை சொல்லும். கணினிக்கே அது பாட்டன் முறை. ஓர் ஓட்டை பிசகினால் முந்தியில் எந்த மயிலுக்குக் கால் கோணும் என்று எட்ட நின்றே சொல்வார். குழப்பம் என் சொல்லில்தான் இருந்தது.

இன்னொரு தடை: ஆண்ட்ராய்டில் பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகப்போக மேல்பட்டை புள்ளிகளோடு மறைந்துவிடும். அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவரும் அத்தி வரதருக்காவது 40 ஆண்டுக் கணக்கு உண்டு: 1979, 2019, அடுத்து 2059. ஐபோன்காரர் நிலை இன்னும் மோசம். சஃபாரியின் பாப்-அப் சுவிட்ச் சஃபாரிக்குள் இல்லை, போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. மூலவர் ஒரு கோயிலில், உண்டியல் இன்னொரு கோயிலில்.

கடைசியில் வரதராஜப் பெருமாள்தான் கைகொடுத்தார். “கோயில்ல தங்கப் பல்லி தொட்டிருக்கீங்கல்ல? அதே மாதிரி அண்ணாந்து பாருங்க. சோத்துக்கைப் பக்கம் மூலை.”

அரை நிமிடம். செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், பாப்-அப், அனுமதி. பணம் கட்டியாயிற்று.

இரண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேலே அண்ணன் யாருக்கோ போனில் கத்திக்கொண்டிருந்தார்: “மூலையில பல்லி இருக்கும் பாரு மாப்ள, அதைத் தொடு. காணோம்னா பக்கத்தோட தலைமாட்டுக்குப் போ, தானா வரும்.”