காஞ்சிபுரம், ஒரே நாளில்

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். "காலையில கிளம்புறோம், அஞ்சு கோயில், ராத்திரி வீட்ல சாப்பாடு" என்பார் வேன் பிடித்த மாமா. வழியில் டிபனுக்கு நிறுத்தியதிலேயே ஒரு கோயில் கழிந்துவிடும். ஏகாம்பரநாதரைக் கும்பிட்டு, வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு முடிப்பதற்குள் உச்சிப்பொழுது. நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலிக்கு எதிரே ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். நடை சாத்தியாயிற்று, இனி நாலு மணிக்குத்தான்.

பட்டுக்கடைக்கு நடை சாத்தும் வழக்கம் கிடையாது. ஆயிரத்து முந்நூறு வருஷக் கோயிலுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கிய அதே குடும்பம், மாம்பழ மஞ்சளா மயில்கழுத்தா என்று முடிவெடுக்க மூன்று மணி நேரம் உட்காரும். விரித்த புடவைகள் முழங்கால் உயரம். மாமா சுவரோரம் குறட்டை.

ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்கு வேன் போகும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். கருவறையைச் சுற்றிய குறுகிய வழியில் தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்பதால் அங்கே மட்டும் கூட்டம். சுற்றுச் சந்நிதிகளில் மிஞ்சியிருக்கும் பல்லவர் கால ஓவியத்தை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

கைலாசநாதரைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். புடவைக்கடை இரவிலும் திறந்திருக்கும்.