சுண்ணாம்புக் கோடும் பத்து லட்சம் டாலரும்

2025 ஜூன் 6 அன்று ஒக்லஹோமா சிட்டியில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். டெக்சஸ் டெக் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) நைஜாரி கனடி முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் கொடுத்துவிட்டார். இரண்டாவது இன்னிங்ஸுக்கு அவர் வரவில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகம் வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. முந்தைய ஆண்டுதான் கனடி ஒரே பருவத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்றிருந்தார். கல்லூரிகளே தங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற சமரசத்துக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி ஒப்புதல் தந்ததும் அதே நாளில்தான்.

வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. தொடர் முழுவதும் அணியைத் தோளில் சுமந்து வந்த பெண்ணிடம் "இன்று போதும்" என்று சொல்ல வேண்டியிருந்ததே, அந்தப் பயிற்சியாளரின் நிலைதான் நெஞ்சை அடைத்தது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாய் எப்படி உலர்ந்துபோகும் என்பதை நான் அறிவேன்.

1990-களின் தொடக்கத்தில் உடற்கல்வி மேற்படிப்புக்காக மிச்சிகன் வந்தேன். ஊரில் கல்லூரி அணிக்காக பால் பேட்மிண்டன் ஆடியவள். இங்கே ஒரு சிறிய கல்லூரி, படிப்புச் செலவுக்கு ஈடாகப் பெண்கள் சாஃப்ட்பால் அணியின் உதவிப் பயிற்சியாளர் வேலையைக் கொடுத்தது. அந்த வேலை என்னை விடவில்லை. நானும் அதை விடவில்லை.

அப்போது உதவிப் பயிற்சியாளர் என்றால் எல்லா வேலையும் சேர்ந்ததுதான். விடிகாலையில் போய் மைதானத்து மண்ணை வாரி இழுத்துச் சமப்படுத்த வேண்டும். சுண்ணாம்புப் பொடி வண்டியை உருட்டி, ஹோம் ப்ளேட்டிலிருந்து இரண்டு பக்கமும் கோடு போட வேண்டும். மழை பெய்தால், தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சீருடைகளைத் துவைத்து மறுநாள் காலைக்குள் காயவைக்க வேண்டும். வேன் ஓட்டுவதும் நாங்கள்தான். அதே வளாகத்தில் ஆண்களின் பேஸ்பால் மைதானத்துக்குப் பராமரிப்பாளர் இருந்தார், வீரர்கள் உட்காரக் கூரை போட்ட இடம் இருந்தது. எங்களுக்கு வெயிலில் ஒரு பெஞ்ச்.

மிச்சிகனில் மார்ச் வரை பனி கிடக்கும். ஆகவே பருவத்தின் முதல் வாரங்கள் ஜிம்முக்குள்ளேயே கழியும். மரத்தளத்தில் பந்து ஒரே சீராக எழும்பும். மண்ணில் அப்படி எழும்பாது. ஜிம்மில் ஒன்றுகூட விடாமல் பிடித்த ஷார்ட்ஸ்டாப், வசந்த விடுமுறையில் ஃபுளோரிடா போய் முதல் ஆட்டத்தில் துள்ளிய பந்தைத் தவறவிட்டுக் கண் கலங்குவாள். அன்றும் இது நடந்தது, இந்த வருடமும் நடந்தது.

கல்வி நிலையங்களில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்தது. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் சாஃப்ட்பாலுக்கு முதல் தேசியப் போட்டியை நடத்தியது 1982-இல்தான். சட்டம் காகிதத்திலிருந்து மைதானத்துக்கு இறங்குவதற்குப் பெண்கள் நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியிருந்தது. எங்கள் மாநிலத்திலேயே கரோல் ஹச்சின்ஸ் இருக்கிறார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய மாணவியாக, பயணப்படியிலும் வசதிகளிலும் பெண்கள் அணிக்குக் குறைத்துத் தருகிறார்கள் என்று 1979-இல் வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் அவருடையது. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணிக்கு 1985 முதல் 2022 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 2005-இல் அவர் அணி வென்றபோதுதான் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஒரு கல்லூரிக்குத் தேசியப் பட்டம் முதன்முறையாக வந்தது. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 1,707 வெற்றிகள். எங்கள் பெஞ்சுக்குக் கூரை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இன்று வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம். பேட்டி காஸோ 1990-களின் நடுவில் ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியை ஏற்றபோது அந்த அணி ஆடியது ஒரு நகரப் பூங்காவில். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை அவர் பட்டம் வென்றார். 2024-இல் அங்கே திறந்த புதிய அரங்குக்கான செலவு நான்கு கோடி டாலருக்கு மேல். எங்கள் கல்லூரி என்.சி.ஏ.ஏ.-வின் மூன்றாம் டிவிஷன். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தர விதியில் இடமே இல்லை. இருந்தும் மூன்றாவது பேஸில் நிற்கும் பெண் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் நிற்கிறாள், பந்து எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கருவி சொல்கிறது. இவை எல்லாம் இந்தப் பெண்களுக்கு எப்போதோ சேர்ந்திருக்க வேண்டியவை. அந்தக் காலமே நல்ல காலம் என்று என் வாயிலிருந்து வராது.

கஷ்டம் இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. முன்பு எங்களிடம் வந்த பெண் கூடைப்பந்தும் ஆடியிருப்பாள், வாலிபாலும் ஆடியிருப்பாள். சாஃப்ட்பால் வசந்த காலத்தில் மட்டும். இப்போது எட்டு வயதில் தொடங்கி வருடம் முழுக்க இதே ஆட்டம். தனியார் கிளப் அணிகளோடு வார இறுதிதோறும் பயணம், குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. பெரிய கல்லூரிகள் எட்டாம் வகுப்புச் சிறுமிகளிடமே வாய்மொழி உறுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்; 2018-இல்தான் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். அதே ஆண்டில், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. பிடிக்காத கல்லூரியில் ஒரு பெண் சிக்கிக்கிடக்க வேண்டியதில்லை என்பது நல்லதுதான். ஆனால் முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் வருடம் தட்டுத்தடுமாறி, மூன்றாம் வருடம் மலர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடப் பொறுமைக்கு இப்போது இடமே இல்லை.

பிட்ச்சரின் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாஃப்ட்பால் கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, சுற்றளவு 12 அங்குலம். பிட்ச்சர் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே வரும்போது பந்தை விடுகிறாள். பேட்டர் நிற்பது 43 அடி தூரத்தில். நல்ல பிட்ச்சரின் பந்து அந்தத் தூரத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும். கீழ்க்கையால் வீசுவது உடம்புக்கு இயல்பானது, தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அணிக்கு ஒரே பிட்ச்சர், சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிறு இரண்டு ஆட்டம். தோளிலும் பைசெப்ஸ் தசைநாரிலும் விழும் சுமை, மேல்கையால் வீசுவதற்குக் குறைந்ததல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாட்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வென்றார். உலகம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் கல்லூரி சாஃப்ட்பாலில் இன்றுவரை இத்தனை பந்துக்கு மேல் வீசக்கூடாது என்ற வரம்பு இல்லை. வரம்பு பயிற்சியாளரின் மனசாட்சிதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் முதன்மைப் பிட்ச்சரிடம் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல கோச், நல்லா இருக்கு" என்றாள். பேருந்தில் ஏறும் முன் அவள் தன் தலைமுடியைத் தோழியிடம் கட்டிவிடச் சொன்னதைப் பார்த்தேன். தினமும் தானே கட்டிக்கொள்பவள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அன்று அவளை வீசவிடவில்லை, அதற்கடுத்த வாரங்களிலும் விடவில்லை. அவள் என்னோடு பேசவில்லை. அப்பா தொலைபேசியில் அழைத்து, எட்டு வயதிலிருந்து மகளுக்காகத் தான் செய்த செலவையெல்லாம் சொன்னார். நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். கடைசி வருடத்தில் அவள் வலியில்லாமல் வீசினாள். பயிற்சியாளருக்குக் கிடைக்கும் கூலி இப்படித்தான், தாமதமாக வரும்.

இன்னொரு பெண். நான்கு வருடமும் பெரும்பாலும் பெஞ்ச்தான். ஒருநாள் எதிரணிப் பிட்ச்சரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்து, "கோச், க்ளவ் விரியுது பாருங்க, சேஞ்ச்-அப் வரும்" என்றாள். மெதுவான அந்தப் பந்துக்கு உள்ளங்கையில் ஆழமாகப் பிடிக்க வேண்டும். அதற்காகக் கை உள்ளே போகும்போது க்ளவ் சற்றே விரிகிறது. அடுத்தது, அதற்கடுத்தது, இரண்டும் அவள் சொன்னபடியே. அன்றைய ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அவளுடைய கண்கள். இப்போது அவள் ஒரு உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளர்.

சமீப வருடங்களில் தமிழ்ப் பெண் ஒருத்தியும் எங்கள் அணிக்கு வந்தாள். மைதானத்தில் நான் கோச், வீட்டுக்கு வந்தால் ஆன்ட்டி. அவள் அம்மா முதலில் தயங்கினார். "அக்கா, மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயார் பண்ற பிள்ளை. இது எதுக்குன்னு அவர் கேக்கறார்." "நாலு வருஷம் கழிச்சு நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன். வேதியியல் லேப் முடிந்து தாமதமாக வருவாள், பேருந்தில் சின்ன விளக்கு வைத்துப் படிப்பாள். கடைசி வருடம் அணித் தலைவி. அப்பா ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பெண்களுக்கு மைதானம் தந்த அதே சட்டத்துக்குப் பின், அந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் வர வர, அந்தப் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. நல்ல ஆண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானும் கற்றிருக்கிறேன். ஆனால் இரவுப் பயணம், வார இறுதி வேலை, கைக்குழந்தை, இவை மூன்றும் சேர்ந்தால் விட்டுப்போவது பெண்தான். முதல் டிவிஷனில்கூட உதவிப் பயிற்சியாளர் ஒருவர் சம்பளமே இல்லாத தொண்டராக இருக்கும் முறை 2023 வரை இருந்தது. அப்படிச் சம்பளமில்லாமல் காலம் தள்ள எத்தனை பெண்களால் முடிந்திருக்கும்?

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது. ஆட்டங்கள் நடப்பது அதே ஒக்லஹோமா சிட்டியில். அதைப் பார்த்து நிறையச் சிறுமிகள் க்ளவ் வாங்கித் தரச் சொல்வார்கள். அவர்களுக்குக் கற்றுத்தர ஆள் வேண்டும். உங்கள் ஊர்ப் பூங்காவின் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர் தேவை என்று அறிவிப்பு வந்தால், வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, நீங்கள் பெயர் கொடுங்கள். விதிகளை ஒரே பருவத்தில் கற்றுக்கொள்ளலாம்.