சல்யூட் இலவசம்

போர் மூண்டால் இந்த நாட்டில் முதலில் முந்திக்கொண்டு ஓடுகிறவர்கள் சிப்பாய்கள் என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. 2025 மே 7 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. அன்றே அந்தப் பெயருக்கு வணிக முத்திரை கேட்டு ரிலையன்ஸ் விண்ணப்பம் போட்டுவிட்டது. ஊரே காறித் துப்பியதும் மறுநாள் வாபஸ். கீழ்நிலை ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் செய்துவிட்டாராம். பாவம், அவ்வளவு பெரிய நிறுவனத்தில் தேசபக்தி முற்றியவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது! ஒரு சினிமா கம்பெனி அதே பெயரில் போஸ்டரே வெளியிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. எல்லையில் பீரங்கி ஆறுவதற்குள் இங்கே கல்லாப்பெட்டி திறந்துவிட்டது.

அந்தப் பீரங்கிக்குத்தான் மே 9 அன்று சிப்பாய் முரளி நாயக் பலியானார். மறுநாள் அவருடைய சவப்பெட்டி பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி, சாலை வழியே ஆந்திரத்தின் கள்ளி தாண்டாவுக்குப் போனது. பெற்றோர் மும்பையில் கூலி வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தவர்கள். அடக்கத்துக்குத் துணை முதல்வரே வந்தார். ஆந்திர அரசு 50 லட்சம் ரூபாய், 5 ஏக்கர் நிலம், வீட்டுமனை, வேலை என்று அறிவித்தது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் முரளி அக்னிவீர். 2022இல் வந்த அந்த ஆள்சேர்ப்புத் திட்டத்தின் அழகே அழகு! பதினேழரை வயதில் பிள்ளையை எடு, நான்கு வருடம் வைத்திரு, நூற்றுக்கு 25 பேரை நிறுத்திக்கொண்டு மீதிப் பேரைக் கையில் ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பு. ஓய்வூதியம் கிடையாது. போரில் செத்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, விட்டுப்போன மாதங்களின் சம்பளம் எல்லாம் உண்டு. ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் மட்டும் கிடையாது. அது நிரந்தரச் சிப்பாய் செத்தால்தான். பாகிஸ்தான் பீரங்கிக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. பதுங்குகுழியில் இருப்பவர் நிரந்தரமா, ஒப்பந்தமா என்று விசாரித்துவிட்டு அது சுடுவதில்லை. விசாரிப்பது டெல்லிதான். மகனை இழந்த முரளியின் தாய், மற்றச் சிப்பாய்களின் குடும்பத்துக்கு உள்ளது எங்களுக்கும் வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வீரத்தாய் என்று மேடையில் கும்பிட்ட நாடுதான் அவரை மனுதாரர் ஆக்கியது.

கும்பிடுவதில் நாம் சூரர்கள். 2023 நவம்பரில் ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரியில் ஒரே மோதலில் ஐந்து வீரர்கள் செத்தார்கள். அவர்களில் கேப்டன் எம்.வி. பிராஞ்சல் உடல் பெங்களூருக்கு வந்தது, கேப்டன் சுபம் குப்தா உடல் ஆக்ராவுக்குப் போனது. ஆக்ராவில் உத்தரப்பிரதேச அமைச்சர் ஒருவர் காசோலையோடு வந்து, கதறிக்கொண்டிருந்த தாயை கேமராவுக்கு முன் நிறுத்தினார். கண்காட்சி நடத்தாதீர்கள் என்று அந்த அம்மா அழுதது நாடு முழுக்கக் கேட்டது. படம் எடுப்பது நின்றதா? நிற்காது. துக்க வீட்டில் படம் விழாவிட்டால் அமைச்சர் துக்கப்பட்டதற்கு ஏது அத்தாட்சி?

முரளியின் பெட்டியும் பிராஞ்சலின் உடலும் வந்திறங்கிய பெங்களூருவின் பெயர் இன்று நமக்குத் தெரிந்த அளவில் முதன்முதலாக எழுத்தில் ஏறியதே ஒரு போர்ச் சாவுச் செய்தியில்தான். நகரின் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கல்வெட்டு, பெங்களூர்ப் போரில் புட்டணசெட்டி இறந்ததைச் சொல்கிறது. நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த கல் அது. அதே பேகூரின் இன்னொரு வீரக்கல் கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. களத்தில் நாகத்தரன் விழுந்தபின் கங்க மன்னன் எரெயப்பன் அவன் பட்டத்தையும் பேகூர்ப் பன்னிரண்டு ஊர்களையும் இருகன் என்பவனுக்குக் கொடுத்ததை அது சொல்கிறது. தமிழ்நாட்டிலும் களத்தில் பட்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கத் தெரியாத பத்தாம்பசலிகள்! கொடுத்ததைக் கல்லில் வெட்டிவைத்தார்கள், அடுத்து வருகிறவன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று.

நாம் வளர்ந்துவிட்டோம். இதே பெங்களூரின் தேசிய ராணுவ நினைவகத்தில் 75 அடி உயரத்துக்கு வீரக்கல் நட்டிருக்கிறோம். கல் வளர்ந்தது, பட்டி சுருங்கியது. அந்தந்த நேரத்து அரசு மனமிரங்கிக் கொடுப்பது நன்கொடை. எந்த அரசு வந்தாலும் பறிக்க முடியாதது உரிமை. நன்கொடைக்குப் படம் எடுக்கலாம், உரிமைக்கு எடுக்க முடியாது. அதனால்தான் நம் தலைவர்களுக்கு உரிமையைவிட நன்கொடை இனிக்கிறது.

இதே ஊரின் அல்சூர் ஏரிக்கரையில் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் இருக்கிறது. 'தம்பி' என்றே ராணுவம் செல்லமாக அழைக்கும் தென்னிந்தியப் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவர்களிலும் இன்று அக்னிவீரர்கள் உண்டு. அடுத்த பெட்டி எந்தத் தம்பியுடையது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவர் ராணுவத்தை வாழ்த்தி முழங்கும்போது கைதட்டாதீர்கள். செத்த அக்னிவீரரின் வீட்டுக்கு ஓய்வூதிய ஆணை எப்போது வரும் என்று கேளுங்கள். பதில் இல்லாதவருக்கு மலர்வளையம் தூக்க அருகதை இல்லை.