தூசியின் ஆயுள்

குதித்த பாத்திரம் தரையில் வந்து விழும்போது காலடியில் கிளம்பும் தூசி, இண்டி கேம் செய்பவர் ஆராய வேண்டிய பொருள்களில் தலையாயது. வெடிப்பும் மின்னலும் அதற்குப் பின்புதான். வெடிப்பு எப்போதாவது வரும்; தூசியோ ஆட்டம் முழுக்க, கால் தரை தொடும்போதெல்லாம் வரும்.

இப்படித் துகள்களால் காட்சி அமைப்பதற்கு இலக்கணம் வகுத்தவர் வில்லியம் ரீவ்ஸ். 1982-இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தில் ஒரு கோளைச் சுற்றிப் பரவும் தீயை லூகாஸ்ஃபிலிமில் உருவாக்கினார். அடுத்த ஆண்டு அந்த முறையைக் கட்டுரையாக எழுதினார். தீயை ஒரே உருவமாக வரையாமல் ஆயிரக்கணக்கான துகள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறக்கும் இடம், வேகம், அளவு, நிறம், ஆயுள் எனக் கொடுத்துவிட்டார். இன்று யூனிட்டியில் பார்ட்டிக்கிள் அமைப்பைத் திறந்தாலும் அதே பட்டியல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவற்றுள் ஆயுளே முதன்மையானது என்பது என் துணிபு.

ஏனெனில் தூசி அழகுக்காக எழுவதில்லை. கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவருக்குத் தரையின் கடினமும் தெரியாது, விழுந்த உடம்பின் கனமும் தெரியாது. கால் பதிந்துவிட்டது, இனி மறுபடி குதிக்கலாம் என்ற செய்தியைத் தூசிதான் கொண்டுவருகிறது. சொல்ல வந்ததைச் சொன்னதும் அது போய்விட வேண்டும். ஆறேழு துகள் போதும். முதல் ஃபிரேமிலேயே முழு அளவில் இருக்க வேண்டும். மெல்ல வளர்ந்து வந்தால் காலுக்கும் தூசிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். இரு பக்கமும் விசையோடு கிளம்பி, உடனே தளர்ந்து, கால் நொடிக்குள் சுருங்கி மறைய வேண்டும். பிக்சல் ஓவியத்தில் நிறத்தை மங்கவைத்து மறைப்பதைவிட அளவைச் சுருக்கி மறைப்பதே பொருந்தும். பாதி தெரியும் பிக்சல் அங்கே ஒட்டாமல் நிற்கும்.

விலைக்குக் கிடைக்கும் ஆயத்த வெடிப்புகள் பலவற்றில் இந்த ஒழுங்கு இருப்பதில்லை. தனியாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆட்டத்தில் வைத்தால் இரண்டு நொடி புகை நிற்கும், அதற்குள் ஒளிந்து எதிரியின் அடுத்த குண்டு வரும். அப்படி வரும் சாவு அநியாயம்.

புகைக்குக் கணக்கும் உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். ஒளி ஊடுருவும் புகைப்படலம் முழுத்திரையில் 30 அடுக்கு விழுந்தால், ஒரே ஃபிரேமில் 6 கோடி முறைக்கு மேல் வண்ணம் பூச வேண்டியிருக்கும். பழைய லேப்டாப் அங்கேயே திணறிவிடும். அதனால் துகளைக் குறைத்து, ஒவ்வொன்றின் அசைவையும் கையால் வரைவதே சிறு குழுவுக்கு உகந்தது.

துகளே இல்லாமலும் எஃபெக்ட் உண்டு. 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ கேமில் நாயகி மேடலினின் சிவப்புக் கூந்தல், காற்றில் பாய்ந்ததும் நீலமாகிவிடும். இன்னொரு பாய்ச்சல் கைவசம் இல்லை என்பதை ஆடுபவர் திரையின் ஓரத்தைப் பார்க்காமல், அவளையே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். பாயும் கணத்தில் ஆட்டம் முழுவதும் 0.05 நொடி உறைந்து நிற்கும். பாய்ச்சலுக்கு வலு வருவது அந்த நிறுத்தத்தால்தான். இவற்றைவிடச் சிறந்த எஃபெக்ட்டை நான் பார்த்ததில்லை.

மின்னலில் மட்டும் தாராளம் கூடாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியால் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பெரும்பாலோர் சிறுவர்கள். நொடிக்கு 3 முறைக்கு மேல் திரை பளிச்சிடக் கூடாது என்ற வரம்பை இண்டி டெவலப்பரும் மதிக்க வேண்டும். திரை அதிர்வை நிறுத்தவும் மின்னலைக் குறைக்கவும் செலஸ்ட்டின் அமைப்புகளில் வழி இருக்கிறது. முதல் தூசியை எழுதும்போதே இதற்கான சுவிட்சையும் எழுதிவிடுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதிர்வை அழைக்கும் வரிகள் அதற்குள் நிரல் முழுக்கச் சிதறிப்போயிருக்கும்.